சொற்பெட்டியும் சேக் இஸ்மாயிலின் வலக்கையும்

உலகத்திலுள்ள பெட்டிகள் பலவகைப்படும். பணம் இடுவன, வெற்றிலை பாக்கு இடுவன, கடிதம் இடுவன எனப் பொதுவாக அவற்றை மூன்றாகப் பகுக்கலாம். 1936ஆம் ஆண்டிலே மதுரை மாநகரத்துத் தெற்கு மாசி வீதியில் நான்காவது வகைப் பெட்டி ஒன்று இருந்தது. அது சொல் இடும் பெட்டி. ஆலவாய்ச் சொல்லாய்வுக் கூடம் என்னும் அறிஞர் கழகத்தார் அதனைத் தம் கட்டடத்தின் வாசற்றூணில் பதித்திருந்தனர். தமக்குத் தெரிந்த சொல்லை ஒரு சீட்டில் எழுதிப் பொதுமக்கள் அதனுள் இடவேண்டும். தை முதல் நாளில் உறுப்பினர் மூவர் முன்னிலையில் பெட்டி திறக்கப்படும். மற்ற நாள்களில் அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதை அறிதல் கூட விதிக்குப் புறம்பாகும்.

பெட்டி இரும்பால் ஆகியது, செந்நிறம் பூசப்பட்டது. ஏட்டுச் சுவடியையும் யாரேனும் இடக்கூடும் என்று கருதி வாயை அகலமாக வைத்திருந்தனர். இட்ட சொல்லைத் திருடர் எடுத்துவிடலாகாதென்று, உள்ளே போகப் போகக் குறுகும் ஒரு தகரக் கழுத்தும் பொருத்தியிருந்தனர். சொல்லைத் திருடுவோர் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கென ஓர் உட்குழு அமைந்திருக்கும்.

ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, குடை பழுது பார்க்கும் சேக் இஸ்மாயில் அவ்வீதி வழியே விரைந்து வந்தார். அன்று மாலை அவருடைய ஒரே மகள் சைனபுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை பாதுஷா, பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவன். நிக்காஹ் அடுத்த மாதம் என்பதே பேச்சு. ஆனால் கடை முதலாளியிடமிருந்து தந்தி வந்துவிட்டது. மறுநாள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறவேண்டும். அதற்கு இன்று மாலை ஆறு மணி வண்டியைப் பிடிக்கவேண்டும். அதற்கு முன், அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்தவுடன் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தேற வேண்டும். தவறினால் மாப்பிள்ளை திரும்பி வர மூன்றாண்டுகள் ஆகும். முன்னர் வந்த இரண்டு சம்பந்தங்களையும் வேண்டாமென்று தலையசைத்த சைனப், இந்தப் பேச்சு வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சமைப்பதற்கு எதுவுமில்லாத பிற்பகல் வேளை அது. தாய் அஜ்மல் பீவிக்கு அதன் பொருள் நன்கு விளங்கிற்று.

அவசரமாக நாள் குறித்ததால் தென்காசியில் இருக்கும் அக்காளுக்குச் சொல்ல இயலவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிய இஸ்மாயில், செந்நிறப் பெட்டியைக் கண்டார்; கடிதத்தை உள்ளே இட்டார். இட்ட பின்னரே, பெட்டியின் மீது “அன்பரே, அறிந்த சொல்லை இடுக” என்று எழுதியிருத்தலைப் படித்தார். தபால் இலாகா இவ்வளவு அன்பாகப் பேசாது என்பது அவருக்குத் தெரியும். விரல்களைக் குவித்து வலக்கையை உள்ளே நுழைத்தார். கை சென்றது. கடிதம் விரல் நுனிக்கும் எட்டவில்லை. கையை வெளியே இழுத்தார். கை வரவில்லை. தகரக் கழுத்து மணிக்கட்டுக்கு மேலே அமர்ந்து, பெருவிரலின் அடியை இறுகக் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்கக் கை வீங்கிற்றேயன்றி வேறு பயன் விளையவில்லை.

கூடத்தின் காவலாளி சோணை இதைக் கண்டு, மாடியை நோக்கிக் குரல் கொடுத்தான்.

“ஐயா, கீழ வாங்க. நம்ம பெட்டியில ஒரு பாய் துருத்திக்கிட்டு நிக்கிறாரு.”

செயலாளர் பஞ்சாபகேசன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டியில் மாட்டியிருந்த மனிதரையும் பார்க்கவில்லை. நேரே சோணையிடம் சென்றார்.

“இப்போது நீ மொழிந்த வினைச்சொல் யாது? மறுமுறை கூறு.”

“எதுங்கய்யா? துருத்திக்கிட்டுன்னு சொன்னேன். தப்புங்களா?”

“தவறு என்று நான் கூறவில்லை. சரி என்றும் கூறவில்லை. கூறுவதற்கு இன்னும் எவருக்கும் அதிகாரம் வழங்கப்படவில்லை.”

“ஐயா, அது கெடக்கட்டும்,” என்றார் இஸ்மாயில். “கையை எடுத்து விடுங்க. வீட்டுல மகளுக்கு நிக்காஹு.”

“மகிழ்ச்சி. எப்போது?”

“இன்னைக்கு அசருக்கு. நாலரை மணிக்கு நான் பள்ளியில இருக்கணும்.”

பஞ்சாபகேசன் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அப்படியாயின் போதிய காலம் இருக்கிறது,” என்றார். அவர் இரக்கமற்றவர் அல்லர். ஆயினும் கூடத்தின் பதினான்காம் விதி அவர் நெஞ்சில் இரக்கத்துக்கு முன்னரே குடியேறியிருந்தது. கூடத்தின் உடைமையோடு பிற பொருள் ஏதேனும் சேர்ந்து நிற்கக் கண்டால், அஃது எவ்வாறு நிற்கிறது என்பதைத் தக்க சொல்லால் பதிவேட்டில் எழுதிய பின்னரே அதனை அகற்றலாம் என்பது அவ்விதி. தக்க சொல் எனப்படுவது கூடம் ஆராய்ந்து ஒப்பிய சொல். கூடம் அகர வரிசைப்படி ஆராய்ந்து வந்தது. பதினோர் ஆண்டு உழைப்பின் பயனாக அகரம் முதல் கௌகாரம் வரையில் முடித்திருந்தது.

“துகரம் எப்பங்க வரும்?” என்று கேட்டார் இஸ்மாயில்.

“இடையூறு ஒன்றும் நேராவிடில், 1943 ஆவணியில்.”

“அப்பவும் ஆவணிதான் பாய்,” என்றான் சோணை. “மாசம் மாறல.”

இஸ்மாயிலின் முகம் வெளுத்ததைக் கண்ட பஞ்சாபகேசன், உடனடியாகச் செய்யக்கூடிய உதவி ஒன்றைச் செய்தார். வீதிக் கோடியில் பட்டறை வைத்திருந்த கொல்லன் காளைக்குக் கடிதம் எழுதினார். கூடத்தின் கடிதங்களிலும் ஒப்புதல் பெற்ற சொற்களையே ஆளவேண்டும் என்பதால், அகரம் முதல் கௌகாரம் வரைக்குள் அக்கடிதம் அமைந்தது. “ஐயா, இங்கே ஓர் ஆளின் கை ஓர் இரும்புக் கூட்டில் அகப்பட்டுக் கிடக்கிறது. கையை எடுக்கக் கருவிகளுடன் உடனே எழுந்தருளுக.” பகரம் இன்னும் ஆராயப்படாமையால் பெட்டி அதில் இடம்பெறவில்லை.

பதினொன்றரை மணிக்குக் காளை வந்தான். கையில் ஒரு சிறிய கம்பிக் குறடு மட்டும் இருந்தது.

“கூடுன்னு எழுதியிருந்துச்சா, கிளிக்கூடுன்னு நெனச்சுட்டேன். இதுக்கு உளியும் சம்மட்டியும் வேணும். போயி எடுத்துக்கிட்டு வாரேன். அரை மணி நேர வேலை.”

“எடுத்து வருக. ஆனால் தொடுதல் கூடாது,” என்றார் செயலாளர். “தலைவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். அவசரக் கூட்டம் கூடுகிறது.”

அவசரக் கூட்டம் ஒன்றரை மணிக்குக் கூடிற்று. மாடியில் கூடினால் பொருளைக் கண்ணால் காண இயலாதென்று நாற்காலிகளை வீதிக்கே கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றிப் போட்டனர். நடுவிலே நின்ற இஸ்மாயிலுக்கும் ஒரு நாற்காலி தரலாமா என்று ஓர் உறுப்பினர் வினவினார். உட்கார்ந்தால் நிலை மாறிவிடும் என்று மறுக்கப்பட்டது. ளுகர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு ஒலித்து அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. இஸ்மாயில் நின்ற இடத்திலேயே உதடசைத்து முடித்திருந்தார்.

தலைவர் சாம்பசிவம் ஓய்வுபெற்ற தாசில்தார். எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசலானார்.

“அன்பர்களே, இப்பதினோர் ஆண்டுகளில் நம் கூடம் ஒரு சொல்லையேனும் பிழையாக வெளியிட்டதில்லை. ஏனெனில் இன்னும் ஒரு சொல்லையும் வெளியிட்டதில்லை. இத்தகைய தூய வரலாறு வேறு எந்தக் கழகத்துக்கும் இல்லை. ஆனால் வீதியிலே நடப்பது என்ன? நம்மைக் கேளாமலே மக்கள் பேசுகிறார்கள். காலையில் எழுந்தவுடன் பேசத் தொடங்குகிறார்கள். இந்தச் சோணை ஒரு சொல்லை வாய்க்கு வந்தபடி வழங்கியதன் விளைவைக் காண்க. ஓர் அப்பாவி மூன்றரை மணி நேரமாக நிற்கிறார்.”

“நான் சொன்னதாலயா மாட்டுனாரு?” என்று சோணை முணுமுணுத்தான். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

துணைத் தலைவர் எழுந்தார். அவர் தலைவரோடு இருபது ஆண்டுகளாக எதிலும் உடன்பட்டதில்லை. அதற்காகவே துணைத் தலைவராக்கப்பட்டவர்.

“துருத்தல் என்பது உள்ளிருக்கும் பொருள் வெளியே தலைகாட்டுதல். பலகையில் ஆணி துருத்தும். மெலிந்தவர்க்கு எலும்பு துருத்தும். சிலருக்குப் பல் துருத்தும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இவரோ வெளியிலிருந்து உள்ளே சென்றவர். எனவே இவர் துருத்தவில்லை. துருத்தாத ஒருவரைத் துருத்துகிறார் என்று எழுதி அகற்றுவது பொய்ப்பதிவு.”

தலைவர் தம் மேலுதட்டைக் கீழிறக்கிப் பல்லை மறைத்துக்கொண்டு விடையளித்தார்.

“உள்ளே சென்ற பகுதி கண்ணுக்குப் புலப்படவில்லை. புலப்படாததைப் பற்றிக் கூடம் கருத்துரைக்காது. புலப்படும் பகுதி முழுவதும் வெளியே நிற்கிறது. எனவே தலை முதல் கால் வரையில் இவர் துருத்துகிறார்.”

“எதிலிருந்து?”

“பெட்டியிலிருந்து.”

“பெரியதிலிருந்து சிறியது துருத்தலே மரபு. பெட்டி முழம் அளவினது. இவர் ஐந்தரை அடி. எனவே இவரிலிருந்து பெட்டியே துருத்துகிறது.”

“பெட்டி தனியே நிற்கவில்லை. தூணைச் சேர்ந்தது. தூண் கட்டடத்தைச் சேர்ந்தது. கட்டடம் மதுரையைச் சேர்ந்தது. ஆகவே இவர் மதுரையிலிருந்து துருத்துகிறார்.”

உறுப்பினர் அனைவரும் வியந்து தலையசைத்தனர். துணைத் தலைவர் இஸ்மாயிலின் பக்கம் திரும்பி, “ஐயா, நீர் எவ்வூர்?” என்று வினவினார்.

“மதுரைதாங்க. பொறந்து வளந்ததெல்லாம் காஜிமார் தெரு.”

“கேட்டீர்களா? மதுரைக்காரர் மதுரையிலிருந்து துருத்துவது எங்ஙனம்?”

இவ்வினாவுக்கு விடை காணுதற்கு ஓர் உட்குழு நியமிக்கப்பட்டது. அக்குழு கூடத்தின் பின்கட்டுக்குச் சென்று காப்பி அருந்திற்று. அதற்குள் பதிவேட்டுக்காக ஓவியர் ஒருவர் வந்து இஸ்மாயிலைப் படமாக வரையத் தொடங்கினார். “கொஞ்சம் இயல்பாக நில்லும், வலியை முகத்தில் காட்டினால் பொருள் திரிந்துவிடும்,” என்று அவர் கேட்டுக்கொண்டார். இஸ்மாயில் இயல்பாக நிற்க முயன்றார். முழங்கை மரத்துப் போயிருந்தது. காளை சம்மட்டியோடும் உளியோடும் வந்து, எதிர்க்கடை வாசலில் குந்தி, பீடி பற்றவைத்திருந்தான்.

“கொல்லரே, ஒரு போடு போட்டுருங்க,” என்று இஸ்மாயில் தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

“போடலாம் பாய். ஆனா உத்தரவில்லாமத் தொட்டா பட்டறை லைசென்சுக்குக் கடுதாசி போட்டுருவேன்னு தலைவரு சொல்லிட்டுப் போறாரு. தாசில்தாரா இருந்த மனுசன். அவுகளுக்கு எழுதத்தான் வார்த்தை கெடையாது. நிறுத்தச் சொல்லி எழுதணும்னா எப்படியும் கெடச்சிரும்.”

மூன்றே முக்காலுக்குச் செய்தி கேட்டு அஜ்மல் பீவி முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடிவந்தார். அவரோடு மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது தந்தையின் தமையன், முகைதீன் பிச்சையும் வந்தார். அவர் தாடியை நீவியபடி பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“மச்சான், இது என்ன கோலம்?”

“கடுதாசி போட வந்தேன்,” என்றார் இஸ்மாயில். “நீங்க போயி நடத்துங்க மச்சான். என் மச்சினன் இருக்கான்ல. அவனை எனக்குப் பதிலா வக்கீலா வச்சு முடிச்சிருவோம். நம்ம பள்ளி அசரத்தும் மார்க்கத்துல எடமிருக்குன்னு சொல்வாக.”

“மார்க்கத்துல இருக்கும். என் கிட்ட இல்லை,” என்றார் முகைதீன் பிச்சை. “பொண்ணோட தகப்பன் உசுரோட நாலு தெரு தள்ளி நிக்கையில, வேற ஆளு கையக் கொடுத்தா ஊரு என்ன பேசும்? தகப்பனுக்கு இஷ்டமில்லை, ஒளிஞ்சுக்கிட்டான்னு பேசும். நாளைக்கு எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளை அதைக் கேக்கணுமா? நீங்க வந்து எங்க பையன் கையப் பிடிச்சுக் கொடுத்தா நிக்காஹு. இல்லைன்னா பையன் கப்பல் ஏறிட்டு வரட்டும். மூணு வருஷம் கழிச்சுப் பாப்போம்.”

சொல்லிவிட்டு அவர் பள்ளிவாசலை நோக்கி நடந்தார். இஸ்மாயில் கையை இழுத்தார். மணிக்கட்டுத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. உட்குழு திரும்பி வந்து, இரத்தம் கசிவதையும் துருத்தல் எனலாமா என்று ஐயம் எழுப்பிற்று. தலைவர் அதனைத் தனித் தீர்மானமாகக் கொள்ளலாம் என்றார்.

“சைனப் என்ன செய்யுது?” என்று இஸ்மாயில் மனைவியைக் கேட்டார்.

“மருதாணி வச்ச கையோட உக்காந்திருக்கா. அத்தா எங்கேன்னு கேட்டா. வந்துக்கிட்டே இருக்காகன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அஜ்மல் பீவி அந்த வீங்கிய முன்கையைத் தொட்டுப் பார்த்தார். பெட்டி வாயில் ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கற்றறிந்தவர் ஒன்பது பேர் இரண்டரை மணி நேரமாகச் சுற்றி இருந்தும், அந்தத் துளையை இதுவரை ஒருவரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

“இம்புட்டுத்தானா? சின்ன வளையலைப் பெரிய கைக்கு ஏத்துறது இல்லையா, அந்த மாதிரி,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது மணி நாலரை. கல்யாண நெய்ச்சோற்றுக்கென்று உருக்கி வைத்திருந்த நெய்யை ஒரு செம்பு நிறையக் கொண்டு வந்திருந்தார். பள்ளிவாசலில் அசர் தொழுகை நடந்துகொண்டிருந்தது. கூடத்தாரோ வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தனர். துருத்துகிறார் என்பதற்கு நான்கு, துருத்தவில்லை என்பதற்கு நான்கு. தலைவர் தம் வாக்கை அளிக்கும் முன் ஓர் உரை நிகழ்த்த எழுந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் அஜ்மல் பீவி நெய்யைக் கணவரின் கையோடு வழியவிட்டார்.

“இழுக்காதீக. இழுத்தா வீங்கத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்குங்க. இப்ப மூச்சை விட்டுட்டு, மெதுவா.”

கை வெளியே வந்தது. ஆறரை மணி நேரம் ஆராயப்பட்ட பொருள் ஓசையின்றி முடிவுற்றது. எதிரே இருந்து காளை மட்டும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது.

“என்ன காரியம் செய்தீர் அம்மா? சான்று அழிந்ததே.” பிறகு இஸ்மாயிலை நோக்கி, மிக்க பணிவோடு, “ஐயா, பழையபடி உள்ளே இடும். அரை மணி நேரம் போதும். என் வாக்கு ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது,” என்றார்.

தம் வாழ்நாளில் அதிகாரிகள் சொன்ன எதனையும் இஸ்மாயில் மறுத்தவர் அல்லர். அவருடைய கை, பழக்கத்தால், பெட்டியை நோக்கி ஒரு சாண் நகர்ந்தும் விட்டது. அஜ்மல் பீவி அந்தக் கையைப் பிடித்தார். அது நெய்யில் வழுக்கவே, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

பள்ளிவாசலில் மாப்பிள்ளை பாதுஷா பாயில் அமர்ந்திருந்தான். அருகில் அவனுடைய தகரப்பெட்டி பயணத்துக்குக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. முகைதீன் பிச்சை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை நெய் வழிய, சட்டையில் இரத்தக் கறையோடு இஸ்மாயில் வந்து எதிரே அமர்ந்தார். மணி ஐந்து. அசரத் திருமண உரையாகிய குத்பாவை ஓதி முடித்து, “கையப் பிடிங்க,” என்றார். மாமனாரின் வலக்கையும் மருமகனின் வலக்கையும் சேர்ந்தன; சேர்ந்த வேகத்தில் வழுக்கி விலகின. மறுபடி சேர்ந்தன, மறுபடி விலகின. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்போது பஞ்சாபகேசன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தாளை உள்ளே நீட்டினார். அது கை மாறி மாறி அசரத்திடம் வந்து சேர்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, உரக்கப் படித்தார்.

“உமது கை எங்கள் ஆய்வுக்கு உரியது. இக்கை கூடத்தின் உடைமை. எனவே இக்கை எதனையும் கவ்வலாகாது. இக்கையைக் கழுவலும் கூடாது.”

இஸ்மாயில் தம் வலக்கையை மடிமீது வைத்துக்கொண்டு அதனையே பார்த்தார்.  தாளின் அடியில் முத்திரை இருந்தது. முத்திரையைக் கண்டால் அவருக்கு நாக்கு எழாது. முகைதீன் பிச்சை மெல்ல எழுந்து, பையனின் தகரப்பெட்டியைத் தூக்கப் போனார்.

அசரத் அத்தாளை இன்னொரு முறை தமக்குள் படித்தார்.

“கவ்வக் கூடாதாம்,” என்றார். “இஸ்மாயிலு, நீங்க மாப்பிள்ளையக் கவ்வப் போறீகளா?”

“இல்லை அசரத்.”

“பின்ன?”

“பிடிக்கப் போறேன்.”

“அப்பப் பிடிங்க.”

வாசலில் நின்ற பஞ்சாபகேசன், பிடித்தல் என்னும் சொல்லும் பகரத்தில் அடங்கும் என்பதை எண்ணிப் பார்த்தார். கூடத்தைப் பொறுத்தவரை அப்படியொரு செயலே இன்னும் உலகத்தில் நிகழவில்லை. நிகழாததை அவர் தடுப்பதற்கில்லை.

இஸ்மாயில் பிடித்தார். உரிந்த தோல் எரிந்தது. நெய் விரலிடுக்கில் பிதுங்கி வழிந்தது. அவர் இன்னும் இறுக்கினார். “என் மகள் சைனபை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்,” என்று சொன்னபோது, அவர் குரல் பெண்கள் இருந்த திரைக்கு அப்பாலும் கேட்டது. “ஏற்றுக்கொண்டேன்,” என்றான் பாதுஷா.

அசரத் துஆ ஓதி முடித்தார். பேரீச்சம்பழம் வழங்கப்பட்டது. “போதும், விடுங்க,” என்றார் முகைதீன் பிச்சை. இஸ்மாயில் விடவில்லை. “மாமா, வண்டிக்கு நேரமாச்சு,” என்று பாதுஷா மெல்லச் சொன்னான். அவர் தலையசைத்தார், அப்போதும் விடவில்லை. முடிவில் மூவர் கூடி அமர்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.